சுவரில் முதல் பெயர்

அந்த மின்னஞ்சலை முதல் முறை படித்தபோது, யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் ரஜிதா நினைத்தாள். இரண்டாம் முறை படித்தபோது அதனுடன் வந்திருந்த படத்தைத் திறந்து பார்த்தாள். மூன்றாம் முறை படித்து முடித்ததும் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து மாலி என்ற பெண் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். "உங்கள் இணையதளத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் படம் பார்த்தேன். இரண்டாவது வரிசையில், இடது காது மடல் கிழிந்த நிலையில் நிற்பவர் என் தாத்தா. அவர் 1943-ல் ரயில் பாதை வேலையில் இறந்துவிட்டதாகப் போட்டிருக்கிறீர்கள். அவர் 1979-ல் எங்கள் வீட்டில் இறந்தார்."

படத்தில் ஒரு புத்தக் கோயிலின் மதில் தெரிந்தது. சாம்பல் வைத்து மூடிய சிறிய மாடத்தின் மேல் தாய்லாந்து எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அதற்குக் கீழே, தமிழ் தெரியாத யாரோ பார்த்துப் பார்த்துச் செதுக்கியது போலக் கோணல்மாணலாக இரண்டு வரிகள், ஓர் ஆளின் பெயரும் ஒரு தோட்டத்தின் பெயரும். 'பக்கிரிசாமி. தாசேக் கெலுகோர்.'

ரஜிதா அந்தப் போர் நினைவு அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவில் பத்து வருடமாக வேலை செய்பவள். ஜார்ஜ்டவுனில் கடலை ஒட்டி நின்ற அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் துறைமுகச் சரக்குக் கிடங்காக இருந்தது. எழுபதுகளில் முன்னாள் படைவீரர் சங்கம் அதில் இரண்டு அறைகளை வாங்கி, தொப்பிகளையும் பதக்கங்களையும் துருப்பிடித்த துப்பாக்கிகளையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறப்பார்கள். பிறகு அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டு, 'தேசிய' என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் சேர்த்தது. குளிர்சாதனம் வந்தது, மின்தூக்கி வந்தது, மூன்று மொழிகளில் விளக்கப் பலகைகள் வந்தன. ஆனால் நெடுங்காலம் அங்கே சிப்பாய்கள் மட்டும்தான் செத்திருந்தார்கள். இன்றைய தாய்லாந்தான சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன தோட்டத்துச் சனங்களைப் பற்றி, கழிவறைக்குப் போகும் நடையில் ஒரே ஒரு பலகை தொங்கியது.

அதை மாற்றியவள் தனலெட்சுமி.

மாக் மண்டினில் பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆயர் ஈத்தாமில் மகன் மோகனராஜின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். ஒரு புதன்கிழமை பேருந்து பிடித்து அருங்காட்சியகத்துக்கு வந்தாள். கையில் ஒரு கோப்பு. அதில் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி 1946-ல் தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. திரும்பி வராத பதினொரு பேரின் பெயர்கள். நான்காவது பெயர் பக்கிரிசாமி, அவளுடைய அப்பா. அவள் வயிற்றில் இருக்கும்போதே அவரை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

"சிப்பாய்க்கு ஒரு சுவரு இருக்கு. என் அப்பாவுக்கு கக்கூஸ் பக்கத்துல ஒரு போர்டா?" என்று அன்று ரஜிதாவிடம் கேட்டாள். அடுத்த புதன்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த புதனும் வந்தாள். மூன்று வருடம் வந்தாள். வரும்போது வேறு குடும்பங்களையும் கூட்டி வந்தாள். கடைசியில் மூன்றாவது கட்ட விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்தபோது, பின்கட்டில் ஒரு கூடமும், அதில் பித்தளைத் தகடுகள் பதித்த நினைவுச் சுவரும் எழுந்தன. முதல் தகட்டில் பக்கிரிசாமியின் பெயர். அதன் கீழே அவர் கதை. "இவருடைய மனைவி சாகும்வரை இவருக்காகக் காத்திருந்தார்" என்று அதில் முடித்திருந்தாள் ரஜிதா. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ஆசிரியைகள் அந்த வரியில்தான் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

ரஜிதா இயக்குநர் நோர்மாவிடம் மின்னஞ்சலைக் காட்டினாள். நோர்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உண்மையா இருந்தா பெயரை எடுத்துத்தான் ஆகணும், ரஜிதா. அது ரயில் பாதையில இறந்தவங்க சுவர்" என்றார் மலாயில். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா முதல்ல அந்தம்மாகிட்ட சொல்லணும். கடிதம் எழுதாதே. நேர்ல போ" என்றார்.

ரஜிதா முதலில் மோகனராஜுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, இத நான் சொல்ல மாட்டேன்லா. நீங்களே வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

சனிக்கிழமை காலை அவள் ஆயர் ஈத்தாம் போனாள். காய்கறிப் பாசாருக்கு எதிரே இருந்த கட்டடத்தின் ஒன்பதாம் மாடி. தனலெட்சுமி பெரிய பாத்திரத்தில் உளுந்து ஊறவைத்திருந்தாள். எண்பத்தோரு வயதிலும் முதுகு வளையாதவள். ரஜிதாவைப் பார்த்ததும், "என்னம்மா, சுவருக்குப் புது பேர் லிஸ்ட்டா?" என்று சந்தோஷமாகக் கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் தன் தாத்தா என்று தாய்லாந்திலிருந்து ஒரு பெண் எழுதியிருப்பதாக ரஜிதா சொன்னாள். கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள். தனலெட்சுமி வெகுநேரம் பார்த்தாள். விரலால் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எப்ப செத்தாருன்னு போட்டிருக்கு?"

"எழுபத்தொன்பதுலம்மா."

"எழுபத்தொன்பதுல எனக்கு மோகன் பொறந்துட்டான்." அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "இது வேற ஆளு. பக்கிரிசாமின்னு ஒலகத்துல ஒருத்தர்தானா?"

"காது அம்மா... அந்தக் கிழிஞ்ச காது."

"வேற ஆளுன்னு சொல்றேன்லா!"

மோகனராஜ் எழுந்து அம்மாவின் தோளைத் தொட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு எண்பத்தோரு வயசு, ரஜிதா. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அவர் பேர்ல கோயில்ல விளக்கு போடுறேன். காட்டுல காலராவுல கெடந்து செத்தாருன்னுதான் இத்தனை வருஷம் அழுதேன். இப்ப வந்து, சாகல, ஒன்னய விட்டுட்டு வேற குடும்பம் வெச்சிக்கிட்டாருன்னு சொல்றியா? செத்த அப்பன் எனக்குப் போதும். போம்மா."

ரஜிதா எழுந்தாள். மின்தூக்கிக்காக நிற்கும்போது மோகனராஜ் பின்னால் வந்தான். "கோபம் ஒங்க மேல இல்லக்கா. அவங்களுக்கு டைம் குடுங்க" என்றான். அவள் தலையை ஆட்டினாள். கீழே வந்தபின் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தனலெட்சுமியே போன் செய்தாள். "அவங்கள வரச் சொல்லு. மூஞ்சியப் பாக்கணும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பிரசித் தன் மகள் மாலியுடன் வந்தார். பக்கிரிசாமியின் மகன் அவர். அறுபத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கறுத்த மேனி, நரைத்த குட்டை முடி, நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை. அருங்காட்சியகத்தின் கூட்ட அறையில் நோர்மா தேநீருக்குச் சொல்லியிருந்தார். மாலிக்கு ஆங்கிலம் தெரியும். அவள் அப்பா பேசுவதை ஆங்கிலத்தில் சொன்னால் ரஜிதா தமிழில் சொல்வதாக ஏற்பாடு.

தனலெட்சுமி மோகனராஜின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். முகம் இறுகியிருந்தது. யாரையும் பாராமல் மேசையின் மறுகோடியில் போய் நின்றாள்.

பிரசித் எழுந்தார். கைகளைக் குவித்து வணங்கினார். பிறகு யாரும் எதிர்பாராதபடி வாயைத் திறந்து, "ஏ புள்ள, நிக்காத. குந்து" என்றார்.

தனலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"சோறு தின்னியா நீ?" என்று கேட்டார் அவர்.

ரஜிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கிழவியைப் பார்த்து இப்படியா பேசுவது என்று நினைத்துக்கொண்டு மாலியைத் திரும்பிப் பார்த்தாள். மாலி பதறிப்போய் ஆங்கிலத்தில் விளக்கினாள். அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தா அவரிடம் பேசிய தமிழ்தான் அவருக்குத் தெரியும். வேறு யாரிடமும் அவர் தமிழ் பேசியதில்லை. பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும்.

தனலெட்சுமி அந்த மன்னிப்பையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவள் அந்த மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

"குந்து புள்ள. சோறு தின்னியா?"

அவள் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "எங்க பழைய தோட்டத்துப் பேச்சு அது. லயத்து வீடுங்கள்ல பெரியவங்க இப்படித்தான் பேசுவாங்க" என்று தலைப்புக்குள்ளிருந்தே சொன்னாள். பிறகு, "தின்னேன். நீ தின்னியா?" என்று அவரிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு கதை வந்தது. பிரசித் தாய்லாந்து மொழியில் சொன்னதை மாலி சொல்ல, ரஜிதா தமிழில் சொன்னாள்.

பக்கிரிசாமியைக் காலரா முகாமில் போட்டுவிட்டுத்தான் கூட வந்தவர்கள் நகர்ந்தார்கள். அவர் சாகவில்லை. ஆனால் காலில் புரையோடிய புண் ஆறவில்லை. போர் முடிந்து தோட்டத்து ஆட்கள் ஊர் திரும்பியபோது அவரால் நடக்க முடியவில்லை. ஆற்றோரத்துக் கிராமத்தில் ஒரு பெண் அவருக்குக் கஞ்சி கொடுத்துப் புண்ணைக் கழுவிவிட்டாள். நடக்க முடிந்ததும் அவர் ஊருக்குப் புறப்பட்டார். சரக்கு ரயிலிலும் நடந்தும் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. தாசேக் கெலுகோர் தோட்டத்தை அவர் அடைந்தது 1946-ன் கடைசியில், ஒரு சாயங்காலம்.

"வந்தாரா?" என்றாள் தனலெட்சுமி. "திரும்பி வந்தாரா?"

பிரசித் தலையசைத்தார். லயத்துக்கு எதிரே ரப்பர் மரங்களுக்குள் நின்று பார்த்தாராம். குழாயடியில் ஒரு ஆள் சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தது. வாசலில் அவர் மனைவி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். அந்த வழியாகப் போன ஒரு புதுக் காவல்காரனிடம் அது யார் வீடு என்று கேட்டார். சன்னாசி வீடு என்றான். பிள்ளை? சன்னாசி மகள் என்றான். பக்கிரிசாமி இருட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். புண்ணைக் கழுவிவிட்ட பெண்ணிடமே போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பிரசித் பிறந்தார்.

"ஏன் ஒரு வார்த்தை பேசல?" என்று கேட்டாள் தனலெட்சுமி. "ஏன் கூப்பிடல?"

ரஜிதா மொழிபெயர்ப்பதற்கு முன்பே பிரசித்துக்குக் கேள்வி புரிந்துவிட்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் ஒப்பிப்பது போலத் தமிழில் சொன்னார்.

"அழுது முடிச்சவள திரும்ப அழ வெக்கக் கூடாது."

குடித்தால் தாத்தா இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாராம் என்றாள் மாலி. தனக்கு அதன் அர்த்தம் இதுவரை தெரியாது என்றும், கேட்டாலும் அப்பா சொல்லமாட்டார் என்றும் சொன்னாள். ரஜிதா அதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றாள். பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினாள். நோர்மா தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

தனலெட்சுமி மேசையைப் பார்த்தபடி பேசினாள்.

"ரஜிதா, நான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்மா. எங்கம்மா காத்திருக்கல. நாப்பத்தாறுல சித்திரை மாசம் சன்னாசி அப்பாவக் கட்டிக்கிட்டாங்க. திரும்பி வந்தவங்க, பக்கிரி செத்துட்டான், நாங்களே பாத்தோம்னு சொன்னப்புறம்தான். கைப்பிள்ளைய வெச்சிக்கிட்டு, ரப்பர் மரத்துல பால் வெட்டப் போகணும், பிள்ளையப் பாக்க ஆளில்ல. சன்னாசி அப்பா நல்ல மனுசன். என்னய ஒரு நாள் அடிச்சதில்ல. என்னய ஸ்கூலுக்கு அனுப்புனது அவர்தான். என் கல்யாணத்துக்கு அழுதது அவர்தான்."

"அப்போ ஏம்மா மறைச்சீங்க?" ரஜிதா மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீ குடுத்த போராங்குலதான் எழுதியிருந்துச்சே."

ரஜிதாவுக்குப் புரியவில்லை. எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்தாள். போராங் என்று அவள் சொன்னது, சுவரில் பெயர் சேர்க்கக் குடும்பத்தார் நிரப்பும் படிவம். படைவீரர் சங்கம் சிப்பாய்களின் விதவைகளுக்கு உதவி கொடுத்த நாட்களில் அச்சிட்ட படிவத்தையே, மேலே தலைப்பை மட்டும் மாற்றி, அருங்காட்சியகம் பயன்படுத்தி வந்தது. அதைத் தமிழில் போட்டவள் ரஜிதாதான். ஒன்பதாவது கேள்வி: 'மனைவி மறுமணம் செய்துகொண்டாரா? ஆம் எனில், மேற்கொண்டு நிரப்ப வேண்டாம்.'

தானே தமிழில் எழுதிக் கொடுத்த வரி. இருநூறு தடவைக்கு மேல் அதை நகலெடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அதை யோசித்துப் படித்ததில்லை என்று இப்போது தெரிந்தது.

"நெரப்ப வேணாம்னு போட்டிருந்துச்சு. நெரப்பலன்னா அப்பா பேரு வராதே. அதான் இல்லைன்னு போட்டேன். போட்டதுக்கப்புறம், நீ கதை கேட்டப்ப, அதுக்கேத்த மாதிரி சொல்ல வேண்டியதாப் போச்சு" என்றாள் தனலெட்சுமி. "சன்னாசி அப்பா பேர நான் எங்கயுமே சொல்லல. அதான் ராத்திரியெல்லாம் உறுத்தும்."

"தப்பு எங்க மேலம்மா" என்றாள் ரஜிதா. படிவத்தை நோர்மாவிடம் நீட்டி, அந்தக் கேள்வியை மலாயில் சொன்னாள். நோர்மா அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு படிவத்தை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

பக்கிரிசாமியின் பெயரை என்ன செய்வது என்ற பேச்சை நோர்மா தயங்கித் தயங்கித்தான் எடுத்தார். குழு கூடித்தான் முடிவெடுக்கும், அவசரமில்லை, விரும்பினால் விதிவிலக்கு கேட்டுப் பார்க்கலாம் என்றார். தனலெட்சுமி குறுக்கிட்டாள்.

"எடுத்துருங்க. அவர் சாகல. உசுரோட இருந்து பிள்ள பெத்து வளத்த மனுசன், அவர் பேரு அங்க இருக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு. கீழ எழுதியிருக்கீங்களே, அந்தக் கதைய எடுக்காதீங்க. திருத்தி எழுதுங்க."

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாளில், பராமரிப்பு வேலை பார்க்கும் அஸ்ஹர் ஏணி போட்டுத் தகட்டைக் கழற்றினான். நான்கு திருகாணிகள். கடைசித் திருகாணி இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. தனலெட்சுமி, பிரசித், மாலி மூவரும் கீழே நின்று பார்த்தார்கள். பிரசித் ஊருக்குப் போகாமல் மோகனராஜின் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தார். தினமும் காலையில் தனலெட்சுமியோடு பாசாருக்குப் போய், அவள் வாங்கிய காய்கறிப் பையைத் தூக்கி வந்தார். கடைக்காரர்களிடமெல்லாம் "ஏ, இது என்ன வெல?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தார்.

தகட்டை அஸ்ஹர் துணியால் துடைத்துத் தனலெட்சுமியிடம் கொடுத்தான். அவள் அதை அப்படியே பிரசித்திடம் நீட்டினாள். அவர் வேண்டாமென்று கையை ஆட்டினார். "நீ வெச்சுக்க" என்றார். அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கதையை எழுத ரஜிதாவுக்கு ஒரு மாதம் பிடித்தது. எழுதி, தனலெட்சுமிக்கு வாசித்துக் காட்டினாள். இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய ஒருவர் திரும்பி வந்ததும், மரங்களுக்குள் நின்றதும், திரும்பிப் போனதும் அதில் இருந்தன. அவர் மனைவி மறுமணம் செய்துகொண்டதும் இருந்தது. 'வளர்ப்புத் தந்தை சன்னாசி' என்ற இடத்தில் தனலெட்சுமி நிறுத்தினாள்.

"அது என்ன வளர்ப்பு? அப்பான்னு போடு."

"அப்பான்னா ரெண்டு பேருல யாருன்னு குழப்பம் வரும்மா. படிக்கிறவங்களுக்குப் புரியாது."

"எனக்கு கொழப்பம் இல்லயே" என்றாள் அவள். ரஜிதா அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்.

ஒன்பதாவது கேள்வி இல்லாத புதிய படிவம் அச்சானது. ஏற்கனவே நிரப்பிக் கொடுத்த குடும்பங்களை ரஜிதா ஒவ்வொன்றாகப் போனில் கூப்பிட்டாள். தயங்கிய குரல்கள், திட்டிய குரல்கள், எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டவர்கள் என்று நாட்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை யோகலட்சுமி என்ற பெண் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நேரிலேயே வந்தாள். "எங்க பாட்டியும் மறுபடி கட்டிக்கிட்டாங்க. சொல்லலாமா?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள். ரஜிதா அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

தீபாவளி முடிந்த மறுவாரம், ஊர் திரும்பியிருந்த பிரசித்தைப் பார்க்கத் தனலெட்சுமி காஞ்சனபுரிக்குக் கிளம்பினாள். விமானத்தில் போகலாம் என்று மோகனராஜ் எவ்வளவோ சொன்னான். ரயிலில்தான் போவேன் என்று பிடிவாதம். அவனும் கூடப் போனான். ரஜிதா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அவர்களோடு ஃபெரியில் பட்டர்வொர்த் வரை வந்தாள். ரயில் நிலையத்தில் தனலெட்சுமி மூன்று டின் முறுக்கையும் ஒரு டின் அதிரசத்தையும் எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாடாங் பெசாருல எறங்கி மாறணும்மா. பதறாதீங்க, மோகன் பாத்துக்குவாரு" என்றாள் ரஜிதா.

"பதறல. இந்தத் தண்டவாளத்துலதான அவரையும் கூட்டிட்டுப் போனாங்க?"

"ஆமாம்மா."

தனலெட்சுமி தண்டவாளத்தை எட்டிப் பார்த்தாள். அப்போது மோகனராஜின் கைப்பேசி அடித்தது, பிரசித் அழைத்தார். அவன் அதை அம்மாவிடம் கொடுத்தான். ரயில் உள்ளே வரும் இரைச்சலில் அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"ஏறிட்டேன்டா தம்பி! நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன். சோறு ஆக்கி வையி!"

அவள் இன்னும் ஏறியிருக்கவில்லை. ரஜிதா டின்களைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் பெட்டிக்குள் நுழைந்தாள்.